இருபது நிமிடத்தில் முடித்தால் கசக்கத்தான் செய்யும்

கேள்வி: கட்டையும் தடியுமான சுருட்டு மூன்று வாங்கினேன். ஐந்து அங்குல நீளம், கட்டைவிரல் பருமன். ஒன்றைப் பிடித்துப் பார்த்ததில் சாம்பல் வெள்ளைவெளேரென்று நின்றது. ஆனால் பாதி தாண்டியதும் நாக்கு பொறுக்காத கசப்பு. இருபது நிமிடத்தில் முடித்துவிட்டேன். "சாம்பல் வெள்ளையா இருந்தா உசத்தி சரக்குதான்" என்கிறார் நண்பர். நான் ஏமாந்தேனா? தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? புகையை நெஞ்சுக்குள் இழுக்காததால் கெடுதல் இல்லை என்பது சரிதானே?

பதில்: நீங்கள் ஏமாந்தீர்களா என்று உங்கள் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. அந்தச் சுருட்டுக்கு நீங்கள் வாய்ப்பே கொடுக்கவில்லை. நீங்கள் சொல்லும் அளவுக்கு ரொபஸ்டோ என்று பெயர். பருமனை அங்குலத்தின் 64-இல் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள். இது 50 பங்கு, அதாவது ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். நிதானமாகப் பிடித்தால் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம்கூட ஓடும். அதை இருபது நிமிடத்தில் முடித்திருக்கிறீர்கள் என்றால் விடாமல் உறிஞ்சியிருக்கிறீர்கள். நெருப்பு அளவுக்கு மீறிச் சூடேறினால் எவ்வளவு நல்ல இலையும் கசக்கும். அதிலும் குட்டைச் சுருட்டில் புகை ஆறி வரத் தூரம் கிடையாது. பாதி தாண்டியதும் நெருப்பு உதட்டுக்கு இரண்டு அங்குலத்தில் வந்துவிடுகிறது. நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். அப்படியும் கசந்தால்தான் இலையைக் குறை சொல்லலாம்.

உங்கள் நண்பர் சொன்ன வெள்ளைச் சாம்பல் கதையை நம்பாதீர்கள். சாம்பலின் நிறத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இலையிலுள்ள தாது உப்புகள். நிறத்தை விட்டுவிட்டு அது எப்படி நிற்கிறது என்று பாருங்கள். ஓர் அங்குலம் வரை கெட்டியாக நின்றால் உள்ளே முழுநீள இலை இருக்கிறது. பொடிப்பொடியாக உதிர்ந்தால் நறுக்கிய துண்டுகளைத் திணித்திருக்கிறார்கள்.

மீதியிருக்கும் இரண்டில் ஒன்றைத் தியாகம் செய்யுங்கள். பழைய செய்தித்தாளை விரித்து, பிளேடால் நீளவாக்கில் கிழியுங்கள். மேலே நரம்பு தெரியாத மெல்லிய போர்வை இலை, அதற்கடியில் முரட்டுக் கட்டு இலை, நடுவில் உள்ளிலைகள். உள்ளிலைகள் நுனி முதல் அடி வரை ஒரே நீளமாக, விசிறி மடிப்புப்போல ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்தால் அது கைதேர்ந்தவர் உருட்டியது. அவற்றில் தடித்து, கறுத்து, எண்ணெய்ப் பசையோடு இருப்பது செடியின் உச்சியில் வெயில் குடித்து விளைந்த லிஹேரோ இலை. காரம் அதில்தான்; எரிவதும் மெதுவாக. அதனால் அதை நட்டநடுவில் வைப்பார்கள். பக்கவாட்டில் ஒதுங்கிப் போனால் அந்தப் பக்கம் எரியாமல் பின்தங்கி, நெருப்பு கோணலாக ஓடும். பருமனான சுருட்டை விரும்புகிறவர்கள் விரும்புவதற்குக் காரணமே மூன்று நான்கு வகை இலைகளைச் சேர்க்க அதில் இடம் இருப்பதுதான். அந்த இடத்தைக் குப்பையால் நிரப்புவதும் எளிது என்பதால்தான் கிழித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

கிழிக்காமல் சோதிக்க விரல் இருக்கிறது. முனையிலிருந்து முனைவரை மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். அழுத்திய இடம் திரும்ப எழும்ப வேண்டும். ஓரிடத்தில் பொசுக்கென்று அமுங்கினால் அங்கே இலை குறைவு. கல்லாக இருந்தால் காற்று போகாது. மொறுமொறுவென்று சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது. 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருக்க வேண்டிய பொருள் அது. பிறகு வாயில் வைக்கும் முனையை மூடியிருக்கும் இலைத்துண்டை மட்டும் சீவி, பற்றவைக்காமலே இழுத்துப் பாருங்கள். லேசாகத் தடுத்துத் தடுத்துக் காற்று வர வேண்டும். பற்றவைத்ததும் அமோனியா நெடி மூக்கில் ஏறினால், இலையைச் சரியாகப் புளிக்கவைக்காமல் அவசரப்பட்டிருக்கிறார்கள். அது சந்தேகமில்லாத மட்டச் சரக்கு. இந்த ஒன்றுக்கு உங்கள் அவசரம் பொறுப்பல்ல.

இனி, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் கேட்டதுக்கு வருகிறேன். எனக்கு அதுதான் முக்கியம். சரியில்லை ஐயா, துளியும் சரியில்லை. சுருட்டுப் புகையில் காரத்தன்மை (நாக்கில் உறைக்கும் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) அதிகம் என்பதால் நிகோடின் வாய்ச் சவ்வு வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடுகிறது. நுரையீரல் வரை போக வேண்டியதே இல்லை. இலைக்கு மணம் தரும் அந்தப் புளிக்கவைத்தலில்தான் புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமைன்களும் பெருகுகின்றன. ஆகவே உயர்ந்த சரக்கு என்பதால் கெடுதல் குறையாது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் புகையிலைகூட இருக்கக்கூடும். 2000-இல் அமெரிக்காவின் ஏழு பெரிய சுருட்டு நிறுவனங்கள் எச்சரிக்கை வாசகங்களை அச்சிட ஒப்புக்கொண்டன. அவற்றில் ஒன்று, புகையை உள்ளிழுக்காவிட்டாலும் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வரலாம் என்பது. விற்கிறவர்களே அச்சிட்ட பிறகு, உள்ளிழுக்காவிட்டால் கெடுதல் இல்லை என்பதை எதற்கு நம்ப வேண்டும்? சுருட்டை விடவே முடியாமலிருந்த உளப்பகுப்பாய்வு மேதை சிக்மண்ட் ஃபிராய்டுக்கு 1923-இல் வாய்ப் புற்றுநோய் கண்டது. 1939-இல் இறக்கும்வரை முப்பதுக்கு மேல் அறுவை சிகிச்சைகள்.

மூன்றாவது சுருட்டையும் பிளேடுக்கே கொடுத்துவிட்டீர்கள் என்று நீங்கள் எழுதினால் மனம் நிறைந்து படிப்பேன். பற்றவைத்தே தீருவீர்கள் என்றால் குழந்தைகள் இல்லாத திறந்தவெளியாகப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சூடு உதட்டில் தெரிந்ததும் கீழே வைத்துவிடுங்கள், தானாக அணையும்.