தொங்குவது பொம்மைதான், பயப்படாதீர்கள்

கேள்வி: தம்பி லிதுவேனியாவில் கௌனஸ் நகரில் வேலை பார்க்கிறான். அந்த ஊர்ப் பெண்ணை அங்கேயே மணக்கிறான். என்னை ‘பிர்ஷ்லிஸ்’ ஆக, அதாவது கல்யாணத் தரகராக நிற்கச் சொல்கிறார்கள். மறுநாள் தரகரைத் தூக்கில் போடுவார்களாம். அபசகுனம் என்று அம்மா அழுகிறார். பாரம்பரியச் சடங்கு முடிந்தாலே கல்யாணம் செல்லும் என்கிறார் ஏற்பாட்டாளர். சம்மதிக்கலாமா?

பதில்: தாராளமாகச் சம்மதியுங்கள். அது வெறும் கூத்து. மாப்பிள்ளைக்கு அத்தனை நிலம், இத்தனை மாடு என்று புளுகிப் பெண் கேட்டான் என்பதுதான் உங்கள் மீதான குற்றம். ஓடி ஒளியலாம், பிடித்துவிடுவார்கள். முகத்தில் கரி பூசினாலும் சிரித்துக்கொள்ளுங்கள். தீர்ப்புக்குப் பின் உயில் வாசிக்கச் சொல்வார்கள்; கேலியாக நாலு வரி எழுதி எடுத்துப் போங்கள். கடைசி நேரத்தில் மணப்பெண் ஒரு துண்டையோ நெய்த பட்டையையோ உங்கள் மேல் போட்டுக் காப்பாற்றிவிடுவார். உங்களுக்குப் பதில் ஒரு பொம்மை தொங்கும்.

அம்மா பயப்பட வேண்டியது அந்த ஏற்பாட்டாளரைப் பார்த்து. பெற்றோர் ரொட்டியும் உப்பும் கொடுத்து வரவேற்பது, மாப்பிள்ளை பெண்ணைத் தூக்கிக்கொண்டு பாலம் கடப்பது, பெண்ணின் தலையிலுள்ள அருவதாச் செடி மாலையைக் கழற்றி முக்காடு கட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் பில் போடுவார்கள். கல்யாண ஊர்வலத்தின் வழியை விளையாட்டாக மறிப்பவர்களுக்கு மிட்டாயும் ஒரு பாட்டிலும் போதும். மறிக்கவும் ஆள் பிடித்துத் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சடங்கு மட்டும் செய்தால் கல்யாணம் செல்லாது. பதிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்து, பொதுவாக ஒரு மாதம் பொறுக்க வேண்டும். கத்தோலிக்கத் தேவாலயத்தில் நடக்கும் கல்யாணத்துக்கு இதில் விலக்கு உண்டு. சமயத் திருமணப் பதிவை 1992 அரசமைப்பே ஏற்கிறது. ஆனால் தேவாலயத்திலிருந்து 10 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் போக வேண்டும். போனால் தேவாலயத்தில் நடந்த நாளே கல்யாண நாள். பிந்தினால், பதிவான நாள்தான். பாதிரியார் பார்த்துக்கொள்வார் என்று விடாமல் தம்பியே நேரில் போய்க் கேட்கட்டும்.

மணமாகாதவர் சான்றிதழை இப்போதே தொடங்குங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார், பிறகு அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஆவணம் செல்ல அரசு தரும் சான்று), அதன்பின் லிதுவேனிய மொழிபெயர்ப்பு. கல்யாணம் ஆகவில்லை என்று சொல்ல இத்தனை மேசை! பெயரும் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று கவுன்ட்டரை விட்டு நகரும் முன் பாருங்கள்.