தரகர் காட்டும் ரயில் படமும் மாலபேக் காணியும்

கேள்வி: கொழும்பில் வேலை செய்யும் மகளுக்காக மாலபேயில் பத்துப் பேர்ச் காணி பார்த்தோம். ‘மெட்ரோ நிலையம் ஐந்து நிமிட நடை’ என்று தரகர் கைபேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். மறுநாள் அதையே இலகு ரயில் என்றார், பிறகு மொனோரயில் என்றார். மூன்றும் ஒன்றா? முற்பணம் கொடுக்கலாமா?
– ஓர் ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: மூன்றும் ஒன்றல்ல. மெட்ரோ, சுரங்கத்திலோ தூண்களின் மேலோ வேறெந்த வாகனமும் குறுக்கிடாத தனிப்பாதையில் பெருங்கூட்டத்தை ஏற்றிச் செல்வது. இலகு ரயிலில் பெட்டிகள் குறைவு. சில நகரங்களில் அது பஸ்களோடு சேர்ந்து வீதியிலேயே ஓடும். மொனோரயில் ஒற்றை உத்திரத்தின் மேல் ஓடுவது.

ஆனால் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. லண்டனில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: 1987 முதல் ஓடும் டொக்லண்ட்ஸ் இலகு ரயில் வீதியில் இறங்குவதேயில்லை. சாரதி அறையும் இல்லாததால், முன் கண்ணாடிக்கருகே சிறுவர்கள் இடம்பிடித்து அமர்ந்துகொள்வார்கள். பெயரில்தான் இலகு, நடப்பில் அது மெட்ரோவுக்கு வெகு அருகில் நிற்கிறது. கொழும்புக்குத் திட்டமிட்டதும் இவ்வாறே முழுவதும் தூண்களின் மேல் செல்லும் இலகு ரயில்தான். ஆகவே தரகர் அதை மெட்ரோ என்றதைக்கூட மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது வேறு. கோட்டையிலிருந்து மாலபே வரை ஏறத்தாழ 16 கிலோமீற்றர், 16 நிலையங்கள் என்று வரைந்து, 2019இல் ஜப்பானுடன் கடன் ஒப்பந்தமும் செய்த அத்திட்டத்தை, செலவு அதிகம் என்று 2020 செப்டெம்பரில் அரசாங்கமே நிறுத்தியது. மீண்டும் தொடங்கும் பேச்சு அவ்வப்போது எழுந்ததே தவிர, ஒரு நிலையமும் எழவில்லை. 1928இல் மட்டக்களப்புக்கு வந்த தண்டவாளத்தைக் கல்முனை வரை நீட்டவே மனம் வராதவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

தரகரின் கைபேசியிலுள்ள வரைபடம் பெரும்பாலும் பொய்யாக இராது, பழையதாக இருக்கும்; படித்தவர்களும் ஏமாறுவது அதனால்தான். வராத ரயிலுக்கும் சேர்த்துப் பேர்ச் விலை சொல்வார், ‘நாளை வேறு ஆள் வருகிறார்’ என்று முற்பணத்துக்கு அவசரப்படுத்துவார், நொத்தாரிசையும் தாமே அழைத்துவருவார். உங்கள் சொந்தச் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் உறுதியைத் தேடிப் பார்த்து, வீதிக்காகக் காணியின் எப்பகுதியேனும் ஒதுக்கப்பட்டுள்ளதா என்பதைக் கடுவெல மாநகர சபையில் எழுத்தில் பெறும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நாளை ரயில் வந்தாலுங்கூட, பாதையை ஒட்டிய காணியை அரசு சுவீகரிக்கலாம் என்பதைத் தரகர் சொல்லமாட்டார்.

இன்று மாலபேக்கு உள்ளது 177ஆம் இலக்க பஸ். ஒரு வேலைநாள் காலை ஏழு மணிக்கு மகளை அதில் கொள்ளுப்பிட்டி வரை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். விலையை அதன் பிறகு பேசுங்கள்.