சுவர்ச் சுவிட்சில் கை வைக்காதீர்கள்: வீட்டுப் பிரிண்டர் கேள்வி பதில்

கொழும்பு பம்பலப்பிட்டியில் பிரிண்டர் கழற்றிப் பூட்டுவதுதான் என் தொழில். பிரிண்ட், ஸ்கேன், கொப்பி மூன்றும் ஒன்றாக உள்ள வீட்டு மெஷின்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். விலை கேட்டவர்களுக்கு மட்டும் பதில் இல்லை. இன்று சொல்லும் விலை நாளைக்கு நிற்காது.

வெள்ளவத்தையில் ரியூஷன் கொடுக்கிறேன். மாதம் 400 பக்கம் வினாத்தாள் போகும், பெரும்பாலும் கறுப்பு. மைத்தொட்டி வாங்கவா, லேசர் வாங்கவா?

லேசர் வாங்குங்கள் டீச்சர். காசுக் கணக்கில் போத்தல் மை ஊற்றும் மைத்தொட்டிதான் மலிவு. எப்சன் 003 கறுப்புப் போத்தல் 65 மில்லிலீட்டர், 4,500 பக்கம் வரும் என்று கம்பனி சொல்கிறது. கெனன் 790 கறுப்பு 135 மில்லிலீட்டர், 6,000 பக்கம். அந்தக் கணக்கெல்லாம் ஐதாக எழுத்து உள்ள சோதனைப் பக்கத்துக்கு. கேத்திரகணிதப் படங்கள் நிறைந்த உங்கள் தாளுக்கு அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

நான் லேசர் என்று சொல்வதற்குக் காரணம் வேறு. பிள்ளை மழையில் நனைந்து வந்தால் டை வகை மையில், அதாவது தண்ணீரில் கரையும் சாய மையில், அடித்த தாள் ஊறிப் போகும். லேசர் டோனர் பிளாஸ்டிக் தூள். சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிவிடுவதால் நனைந்தாலும் எழுத்து கரையாது. டோனர் காய்ந்து போவதும் இல்லை, டிசம்பர் விடுமுறை முழுக்கச் சும்மா கிடந்தாலும் ஜனவரியில் முதல் தாளே சுத்தமாக வரும். தானாக இரண்டு பக்கமும் அடிக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், தாள் செலவு பாதியாகும். ஒன்று மட்டும் கவனம்: கரண்ட் போனால் பற்றரியில் ஓடவைக்கும் யூபிஎஸ்ஸில் லேசரைச் செருகாதீர்கள். உருக்கும் பகுதி சூடேறும்போது இழுக்கிற கரண்டை வீட்டு யூபிஎஸ் தாங்காது.

கொட்டாஞ்சேனை. மைத்தொட்டிப் பிரிண்டர், இரண்டு மாதம் பாவிக்கவில்லை. இப்போது எழுத்துக்கு நடுவில் வெள்ளைக் கோடு விழுகிறது. ஆறு தரம் கிளீனிங் போட்டும் சரிவரவில்லை.

அக்கா, ஏழாவது தரம் போடாதீர்கள். முதலில் ஒன்று கேட்கிறேன், பிரிண்டரை எப்படி நிறுத்துகிறீர்கள்? என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஏழு பேர் சுவரில் உள்ள சுவிட்சைத்தான் தட்டுகிறார்கள். இடி மின்னலுக்குப் பயந்து நாங்கள் எல்லோரும் பழகிய பழக்கம், பிழை சொல்ல முடியாது. ஆனால் பிரிண்டரில் உள்ள பட்டனை அமத்தினால் என்ன நடக்கிறது என்று ஒருநாள் காது கொடுத்துக் கேளுங்கள். "கர்ர்ர்" என்று மை தெளிக்கும் மைத்தலை ஓரத்துக்குப் போகும், "டக்" என்று ஒரு றப்பர் மூடியில் உட்காரும். அதற்குப் பிறகுதான் லைட் அணையும். அந்த மூடிதான் மைத்துளைகளைக் காயாமல் காக்கிறது. அடித்துக்கொண்டிருக்கும்போதோ அது ஓரத்துக்குப் போகிற வழியிலோ சுவரில் நிறுத்தினால் தலை நடுவழியில் திறந்தபடி நிற்கும். தலைமயிரை விட மெல்லிய துளைகள், காயாமல் என்ன செய்யும்? பட்டனை அமத்தி, அந்த "டக்" கேட்டு, லைட் அணைந்த பிறகு சுவரில் நிறுத்துங்கள். மின்னலுக்கும் பாதுகாப்பு, மைக்கும் பாதுகாப்பு.

இப்போதைக்கு: மெஷினை ஒரு இரவு முழுக்க அப்படியே விடுங்கள், காய்ந்த மை ஊறட்டும். காலையில் நொசில் செக், அதாவது மைத்துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் சோதனைத் தாள், ஒன்று எடுத்துப் பாருங்கள். கோடுகள் குறைந்திருந்தால் ஒரு கிளீனிங், திரும்பவும் செக். மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கிளீனிங்கிலும் நல்ல மை கழிவுக்குத்தான் போகிறது. அப்படியும் வராவிட்டால் தலையைக் கழற்றிக் கழுவ வேண்டும், அது கடை வேலை. சரிவந்த பிறகு வாரம் ஒரு கலர்ப் பக்கம் அடியுங்கள், பேரப்பிள்ளையின் படமாக இருந்தாலும் போதும்.

எங்களுடையது சின்னக் கார்ட்ரிஜ் வகை. இதே பிரச்சினைதான்.

உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்த வகையில் பெரும்பாலும் மைத்தலை கார்ட்ரிஜின் அடியிலேயே இருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த டிஷ்யூவின் மேல் அந்த அடிப்பக்கத்தைச் சில விநாடி வையுங்கள். மையின் நிறம் தாளில் இறங்கினால் வழி திறந்துவிட்டது. இறங்காவிட்டால் புதுக் கார்ட்ரிஜ், அதோடு புதுத் தலையும் வந்துவிடும்.

சிவப்பு லைட் இரண்டும் மாறி மாறி மினுங்குகிறது. கழிவு மைப் பஞ்சு நிறைந்துவிட்டதாம். 'ரீசெட் அடித்தால் சரி' என்கிறார் தெரிந்த பையன்.

பையன் சொல்வது அரைவாசி உண்மை. கிளீனிங்கில் போகிற மை எல்லாம் அடியில் உள்ள பஞ்சில்தான் சேர்கிறது. மெஷின் அதை அளந்து பார்ப்பதில்லை, எண்ணி வைக்கிறது. ரீசெட் அடித்தால் எண்ணிக்கை சைபராகும், பஞ்சு காயாது. எனக்கே நடந்தது, தொழிலுக்கு வரும் முன். ஒரு கடையில் இரண்டு தரம் ரீசெட் அடித்துத் தந்தார்கள், பஞ்சை யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் மாதம் அம்மாவின் வெள்ளை மேசைவிரிப்பில் கறுப்பு, நீலம், மஜெந்தா எல்லாம் ஒரு வட்டமாக. பஞ்சை மாற்றிவிட்டு ரீசெட் அடிக்கச் சொல்லுங்கள், பழைய பஞ்சைக் கண்ணால் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

தெஹிவளை. கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் 'ஓப்லைன்' காட்டுகிறது. வைஃபை நன்றாகத்தான் இருக்கிறது.

தம்பி, கரண்ட் வந்ததும் ரூட்டர் பிரிண்டருக்கு வேறு ஐபி எண் கொடுத்திருக்கும். கணினி பழைய விலாசத்துக்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறது. ரூட்டரின் செட்டிங்கில் அந்தப் பிரிண்டருக்கு ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டு, பிரிண்டரைக் கணினியில் அந்த எண்ணால் புதிதாகச் சேர்த்துவிடுங்கள். புது ரூட்டர் மாற்றியதிலிருந்து ஒருமுறைகூட இணையவில்லை என்றால் அது வேறு கதை. வீட்டுப் பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும், 5 கிகாஹேர்ட்ஸில் தேடினால் அகப்படாது.

ஸ்கேன் பண்ணும்போது எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் நீளக் கோடு. கண்ணாடியைத் துடைத்துவிட்டேன்.

மேலே அடுக்கி வைத்துத் தாளை உள்ளே இழுக்கவிடும்போது மட்டும்தானே கோடு? பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் விரலகலத்தில் இன்னொரு கண்ணாடித் துண்டு இருக்கும். அதில் ஒரு புள்ளி டிப்பெக்ஸ் ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

கோயில் நோட்டீஸ். மகனின் லப்டொப்பில் தமிழ் சரியாகத் தெரிகிறது, என் கணினியில் திறந்து அடித்தால் ஆங்கிலக் கிறுக்கல். பிரிண்டர் மாற்ற வேண்டுமா?

வேண்டாம் ஐயா, பிரிண்டர் பாவம். மகன் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். அது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் போட்டது, அரைப்புள்ளிதான் அங்கே மெய்யெழுத்தின் புள்ளி. உங்கள் கணினியில் பாமினி இல்லாததால் வேஷம் கலைந்துவிட்டது. மகனை அதே ஃபைலை பீடிஎஃப் ஆகச் சேமித்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த திருவிழாவுக்காவது, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாறிவிடுங்கள்.

மழைக்காலத்தில் தாள் சிக்குகிறது.

பிரித்த தாள்கட்டைத் தட்டில் விட்டு வைத்தால் கடற்காற்றில் ஈரம் பிடித்துச் சுருளும். தேவையான அளவை மட்டும் போடுங்கள், மிச்சத்தை அதன் உறையிலேயே மூடி வையுங்கள். பிறகும் சிக்கினால் பின்பக்கத்தைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். போன மாதம் ஒன்றில் பல்லி முட்டை இரண்டு எடுத்தேன்.

மாதம் இருபது பக்கம்தான் வரும். மலிவாக எதை வாங்கலாம்?

எதையும் வாங்காதீர்கள். சந்தியில் பிரிண்ட் அடித்துக் கொடுக்கும் கொமினிகேஷன் கடைக்கு ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பாண் வாங்கப் போகும்போது தாளை எடுத்து வாருங்கள்.