ஜூன் மாதம் வந்தாலே நகை அடகுக்குப் போகிறது

கேள்வி: மாதச் சம்பளம் 28,000 ரூபாய். எப்படியோ சமாளிக்கிறோம். ஆனால் ஜூனில் பள்ளிக் கட்டணம் கட்ட ஒவ்வொரு வருடமும் நகையை அடகு வைக்கிறோம். தபால் நிலைய ஆர்டி (மாதாமாதம் ஒரு தொகை கட்டும் தொடர் வைப்பு) போடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இதற்கு அந்த ஆர்டி சரிவராது, சகோதரி. அது 5 வருடக் கணக்கு. 3 வருடம் முடியாமல் மூட முடியாது. தவணை தவறினால் 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் அபராதமும் உண்டு. உங்களுக்கோ வருடாவருடம் பணம் வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளை மட்டும் எழுதுங்கள். பள்ளிக் கட்டணம் 24,000, தீபாவளி 9,000, வண்டி இன்சூரன்ஸ் 3,000 என்று வைத்தால் மொத்தம் 36,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 3,000. இதைச் சம்பளம் வந்த அன்றே வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்றால் மிஞ்சவே மிஞ்சாது. அந்தக் கணக்கை ஜிபேயில் இணைக்காதீர்கள். பெரும்பாலும் பணம் கரைவது அந்த வழியில்தான்.

முதல் வருடம் மட்டும் கவனம் தேவை. அக்டோபரில் தொடங்கினால் மே முடிய 8 தவணைதான், 24,000 சேரும். இடையில் தீபாவளிக்கு அதில் கை வைத்தால் ஜூனில் மறுபடி அடகுக் கடைதான். இந்தத் தீபாவளியை மாதச் செலவுக்குள் சிறிதாகவே கொண்டாடிவிடுங்கள்.