யானை எந்த ஸ்வரத்தில் பிளிறுகிறது?

கேள்வி: மயில் ஷட்ஜத்தில் ('ச') அகவுகிறது, குயில் பஞ்சமத்தில் ('ப') கூவுகிறது, யானை நிஷாதத்தில் ('நி') பிளிறுகிறது என்று சங்கீத நூல்களில் இருக்கிறதே, ஏழு ஸ்வரங்களும் விலங்குகளிடமிருந்துதான் வந்தனவா?

பதில்: கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இடிக்கிறது. ஷட்ஜம் என்பது பாடுகிறவர் தன் குரலுக்கேற்ப வைத்துக்கொள்வது, அதற்கென்று நிலையான அதிர்வெண் கிடையாது, மற்ற ஸ்வரங்களும் அதை வைத்துத்தான் அமைகின்றன. அப்படியிருக்க, ஒரு மயில் தனியாகக் கத்துவதைக் கேட்டு அது 'ச'வா 'ப'வா என்று எப்படிச் சொல்வது? யானையிடம் இன்னொரு சிக்கல், அது எழுப்பும் ஒலிகளில் பல நம் காதுக்கு எட்டுவதே இல்லை. 1984-ல் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்குப் பக்கத்தில் இருந்தபோது காற்று அதிர்வதை உடம்பில் உணர்ந்தார், காதில் ஒன்றும் விழவில்லை. பிறகு பதிவு செய்து வேகமாக ஓட்டிக் கேட்டால், யானைகள் நம் காதின் கீழ் எல்லையான 20 ஹெர்ட்ஸுக்கும் (விநாடிக்கு 20 அதிர்வு) கீழே பேசிக்கொண்டிருந்திருக்கின்றன! அதை எந்த ஸ்வரத்தில் சேர்ப்பது என்று நூலாசிரியர்களைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: குயிலில் கூவுவது ஆணா, பெண்ணா?

பதில்: ஆண். பெண் குயில் 'கிக் கிக்' என்று வேகமாகக் கத்தும், அவ்வளவுதான்.

கேள்வி: விலங்குகளின் சத்தத்தை இசை என்று சொல்வது வெறும் கவித்துவம், எல்லாமே ஜோடி தேடும் அழைப்புதான் என்கிறார் என் நண்பர். சரியா?

பதில்: ஜோடி தேடுவதற்காகப் பாடினால் அது இசை இல்லை என்றால் நம் பாட்டிலும் பாதியைக் கழித்துவிட வேண்டியிருக்கும். நான் வேறு அளவுகோல் வைக்கிறேன்: அது கற்றுக்கொண்டதா, காலப்போக்கில் மாறுகிறதா? சேவல் கூவுவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், பிறவியிலேயே வருவது, அதை நான் இசைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஸீப்ரா ஃபிஞ்ச் என்ற சின்னக் குருவியில் ஆண் குஞ்சு அப்பாவிடம் கேட்டுக் கேட்டு, உளறி, திருத்தித்தான் பாட்டைப் பிடிக்கிறது. தூங்கும்போதுகூட அதன் மூளையில், பாடும்போது எழும் அதே துடிப்புகள் மறுபடி ஓடுவதை 2000-ல் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் திமிங்கிலத்துக்கு முன்னால் இதெல்லாம் சாதாரணம். கூன்முதுகுத் திமிங்கிலத்தில் ஆண்கள்தான் பாடும், ஒரு பாட்டு பெரும்பாலும் பத்து இருபது நிமிடம் போகும், முடிந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்து மணிக்கணக்கில் ஓடும். சொற்றொடர், அது திரும்பத் திரும்ப வரும் பகுதி, அப்புறம் அடுத்த பகுதி என்று ஒழுங்கான கட்டமைப்பு இருப்பதை ரோஜர் பெய்ன், ஸ்காட் மெக்வே என்ற ஆய்வாளர்கள் 1971-ல் எழுதினார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரு பகுதியில் வாழும் ஆண்கள் எல்லோரும் ஒரு காலத்தில் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள், அந்தப் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற, எல்லோரும் சேர்ந்தே மாறுகிறார்கள். ஒரு தடவை மாற்றம் தடாலடியாக வந்தது. 1996-ல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடலில் ஓரிரு திமிங்கிலங்கள் மட்டும் சம்பந்தமே இல்லாத ஒரு பாட்டைப் பாடின, அது மேற்குக் கடல் திமிங்கிலங்களின் பாட்டு. 1998-க்குள் கிழக்கில் இருந்த எல்லோரும் தங்கள் பழைய பாட்டைக் கைவிட்டு அதைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய பாட்டால் ஜோடி கிடைக்காமல் போயிருந்ததா என்ன? புதுசு என்பதே ஈர்ப்பாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம், உங்கள் நண்பர் இதற்கு என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.

கேள்வி: சுவர்க்கோழிப் பூச்சி கத்துவதை வைத்து வெப்பநிலை சொல்லலாமாமே?

பதில்: சொல்லலாம். அது சிறகோடு சிறகை உரசித்தான் ஒலி எழுப்புகிறது, உடம்புச் சூடு வெளிச் சூட்டோடு ஏறி இறங்குவதால் உரசும் வேகமும் கூடிக் குறைகிறது. 1897-ல் டால்பியர் என்பவர் இதற்கு ஒரு சூத்திரமே எழுதினார். 8 விநாடியில் எத்தனை முறை கத்துகிறது என்று எண்ணி 5-ஐக் கூட்டினால் ஏறக்குறைய செல்சியஸ் வரும், ஆனால் எல்லா இனத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. விடாமல் இழுத்துக் கத்தும் ரகம் வாய்த்தால் எண்ணவே முடியாது, பேசாமல் தெர்மாமீட்டரைப் பார்த்துவிடுங்கள்.