என் அவிசுவாசத்தால் தேவனுடைய உடன்படிக்கை முறிந்துபோகுமா?

முறியாது. ஆனால் அவிசுவாசத்தில் நிலைத்திருப்பவர் அதன் பலனை இழக்க முடியும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தக் கேள்வி பலருடைய தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஆபிராமின் (பின்னாளில் ஆபிரகாம்) சந்ததிக்குக் கானான் தேசத்தைத் தருவதாக தேவன் உடன்படிக்கை செய்யும் ஆதியாகமம் 15-ஐ நிதானமாக வாசியுங்கள். ஆபிராம் மூன்று வயதுள்ள கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா மூன்றையும் நடுவாகப் பிளந்து, துண்டங்களை எதிரெதிராக வைக்கிறார். காட்டுப்புறாவையும் புறாக்குஞ்சையும் மட்டும் பிளக்கவில்லை. இந்தச் சடங்கு எதற்கென்று எரேமியா 34:18-20 காட்டுகிறது: துண்டங்களின் நடுவே நடந்தவர் வாக்கு மீறினால், பிளந்த கன்றுக்குட்டியின் கதிதான் அவருக்கும். எபிரெயத்தில் உடன்படிக்கையை 'வெட்டுவது' என்றே சொல்வார்கள். ஆபிராம் நடந்தாரா? இல்லை. அவர் அயர்ந்த நித்திரையில் கிடக்கிறார். தேவனுடைய பிரசன்னத்தைக் காட்டும் புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டும் கடந்துபோகின்றன. ஆணையின் முழுப் பாரத்தையும் தேவன் தம்மேலேயே ஏற்றுக்கொண்டார். அந்த ஆணை ஆபிராமின் உறுதியில் தொங்கவே இல்லை.

ரோமர் 3:3-இல் பவுல் இதையே கேள்வியாக எழுப்புகிறார்: சிலர் விசுவாசிக்காமல் போனால், அது தேவனுடைய உண்மையை அவமாக்குமா? தமிழில் 'அவிசுவாசம்', 'உண்மை' என்று இரண்டு தனிச் சொற்கள். கிரேக்கத்தில் அவை 'அபிஸ்டியா', 'பிஸ்டிஸ்', ஒரே வேரில் பிறந்தவை. மனிதரிடம் இல்லாமற்போன அதே குணம் தேவனிடம் குறையாமல் இருக்கிறது என்பதுதான் அவர் வாதம்.

அப்படியானால் எப்படி வாழ்ந்தாலும் சரியா? 2 தீமோத்தேயு 2:13-ஐ மட்டும் பிடித்துக்கொள்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தாலும் 'அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார்' என்பதற்கு முந்தின வசனத்திலேயே, நாம் அவரை மறுதலித்தால் அவரும் நம்மை மறுதலிப்பார் என்று இருக்கிறது. அவர் எச்சரிப்பிலும் உண்மையுள்ளவர். 13-ஐ ஆறுதலாக வாசிப்பவர்களும் உண்டு, எச்சரிப்பாக வாசிப்பவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதே சரி என்பது என் எண்ணம். தடுமாறி விழுவதும் முதுகு காட்டிப் போவதும் ஒன்றல்ல. மூன்று தரம் மறுதலித்த பேதுருவுக்காக, அவர் விழுவதற்கு முன்பே இயேசு வேண்டிக்கொண்டதை லூக்கா 22:32-இல் பாருங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தெரிவது எண்ணாகமம் 14. கானானை வேவுபார்த்த 12 பேரில், அதைப் பிடிக்க நம்மால் முடியாது என்ற 10 பேரின் பேச்சை இஸ்ரவேல் ஜனங்கள் நம்பினார்கள். இருபது வயதுக்கு மேற்பட்டு எண்ணப்பட்டவர்களில் காலேப், யோசுவா தவிர ஒருவரும் கானானுக்குள் போகவில்லை. 40 வருஷம் வனாந்தரம். ஆனால் வாக்கு நின்றுவிடவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் உள்ளே போனார்கள். முறுமுறுத்த தலைமுறைக்கும் தேவன் வனாந்தரத்தில் கொடுத்த உணவான மன்னா தவறாமல் கிடைத்தது. யோசுவா 5:12-ன்படி, கானானின் தானியத்தைப் புசித்த மறுநாள்தான் அது நின்றது.