ரோசெட்டுக்கு வாங்குங்கள், ஆண்ட்ரோமிடாவுக்கு வேண்டாம்

அன்புள்ள ஐயா,

தாம்பரத்தில் மொட்டை மாடியிலிருந்து வானத்தைப் படமெடுக்கிறேன். 80 மி.மீ. எஃப்/6 தொலைநோக்கி, சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமரா. ஒரு நிமிடம் திறந்து வைத்தாலே படம் முழுக்க வெளுத்துவிடுகிறது. ஆண்ட்ரோமிடா விண்மீன் மண்டலம், கார்த்திகைக் கூட்டம், ரோசெட் நெபுலா (விண்வெளி வாயு மேகம்) மூன்றையும் எடுக்க ஆசை. ஒளி மாசு ஃபில்டர் ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்குவது?

ர., தாம்பரம்

அன்புள்ள ர.,

உங்கள் மூன்று ஆசைகளில் ரோசெட்டுக்கு மட்டும்தான் ஃபில்டர் கைகொடுக்கும்.

ஃபில்டரால் வெளிச்சத்தைக் கூட்ட முடியாது, வருவதில் ஒரு பகுதியைத் தடுக்கத்தான் முடியும். தெருவிளக்கின் நிறமும் நாம் எடுக்கும் பொருளின் நிறமும் வேறாக இருந்தால்தான் அதற்கு வேலை. முன்பு எங்கள் தெருவில் சோடியம் விளக்குகள் இருந்தன. அவற்றின் ஒளி பெரும்பாலும் மஞ்சள், ஆரஞ்சுப் பகுதியில் குவிந்திருக்கும். அதை மட்டும் வெட்டுகிற ஒரு ஃபில்டர் வாங்கினேன், நன்றாகவே உழைத்தது. பிறகு கம்பத்துக்குக் கம்பம் வெள்ளை எல்இடி வந்தது. எல்இடியின் ஒளி நீலம் முதல் சிவப்பு வரை இடைவெளியில்லாமல் பரவியிருப்பதால், அந்த ஃபில்டருக்கு வெட்டுவதற்கென்று தனியாக ஒன்றும் மிஞ்சவில்லை. கடைகளில் இன்றும் ‘ஒளி மாசு ஃபில்டர்’ என்ற பெயரில் அந்த வகை கிடைக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

ரோசெட், வாயு ஒளிர்கிற நெபுலா. அதன் வெளிச்சம் சில குறிப்பிட்ட நிறங்களில், குறுகிய கோடுகளாக அடங்கிவிடுகிறது: ஹைட்ரஜன் ஆல்பா எனும் ஹைட்ரஜனின் சிவப்பு 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில், இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனின் ஒளி 500.7-இல். இந்த இரண்டு இடத்திலும் 7 நானோமீட்டர் அகலத்துக்கு மட்டும் வழிவிடுவது ‘டூயல் பேண்ட்’ ஃபில்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளி 400 முதல் 700 வரை, அதாவது 300 நானோமீட்டர். அதில் 14-ஐ மட்டும் உள்ளே விட்டால் எல்இடி வெளிச்சம் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகிவிடும். நெபுலாவின் அந்தக் கோடுகளோ அநேகமாக முழுசாக வந்து சேரும். ஐந்து நிமிடம் திறந்தாலும் பின்னணி கறுப்பாகவே நிற்கும், சிவந்த வளையம் ஒற்றைப் படத்திலேயே எட்டிப்பார்க்கும். முதல்முறை அதைத் திரையில் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆண்ட்ரோமிடா கோடிக்கணக்கான விண்மீன்களின் கூட்டு வெளிச்சம். கார்த்திகையைச் சுற்றியுள்ள நீல மூட்டம், அந்த விண்மீன்களின் ஒளியைத் தூசி சிதறடிப்பதால் தெரிவது. இரண்டும் எல்இடியைப் போலவே எல்லா நிறத்திலும் பரவியவை. ஃபில்டர் போட்டால் தெருவிளக்கின் வெளிச்சமும் இவற்றின் வெளிச்சமும் சேர்ந்தே குறையும், நிறமும் கெடும். அந்தப் பணத்தில் ஜவ்வாது மலைப் பக்கம் ஓர் இரவு போய் வாருங்கள். நகர வெளிச்சம் குறைவு என்பதால், 2.34 மீட்டர் விட்ட ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கியை அங்கே காவலூரில்தான் நிறுவினார்கள். ஜனவரி அமாவாசையை ஒட்டிப் போனால் இருட்டியதும் மேற்கே சாய ஆரம்பித்திருக்கும் ஆண்ட்ரோமிடாவை முதலில் எடுத்துவிட்டு, கார்த்திகைக்கு நிதானமாக வரலாம்.

ஃபில்டருக்கு முன் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். சாதாரண டிஎஸ்எல்ஆரின் சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடி உண்டு. அகச்சிவப்பைத் தடுப்பதற்காக வைத்தது, அந்த 656 நானோமீட்டர் சிவப்பின் பெரும்பகுதியையும் சேர்த்துத் தடுத்துவிடும். அதன் மேல் டூயல் பேண்டும் போட்டால் சிவப்பு சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுக்க விவரம் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். முதல் செலவு அதற்கே போகட்டும். ஆனால் பிறகு வீட்டு விசேஷப் படங்களில் முகமெல்லாம் சிவந்து தெரியும். அதனால் பழைய கேமரா ஒன்று கிடைத்தால் அதில் செய்யுங்கள். உங்கள் எஃப்/6-க்கு 7 நானோமீட்டர் சரியாகப் பொருந்தும். எஃப்/2 போன்ற அகலத் திறப்புள்ள லென்ஸில்தான் ஒளி சரிந்து விழுந்து, வழிவிடும் இடமே நீலப் பக்கம் நகர்ந்துவிடும்.

ரோசெட் பிப்ரவரியில் இரவு ஒன்பது மணி வாக்கில் கிட்டத்தட்ட உச்சிக்கு வரும். திருவாதிரையிலிருந்து கிழக்கே, நீட்டிய கையின் ஒரு முஷ்டி அகலம் தள்ளித் தேடுங்கள். எடுத்ததும் படத்தை எனக்கு அனுப்புங்கள்.